பேயாக வந்து பெயர் கேட்ட பெண்

அவள் பெயர் பியோனி. வயது 16.

அழகி. படித்தவள். பெரிய பணக்காரர் வீட்டுச் செல்ல மகள். அவளுக்குக் கல்யாணமும் நிச்சயமாகி இருந்தது.

ஆனால் கல்யாணம் நடக்கவில்லை. மணமேடை ஏற வேண்டியவள் பாடை ஏறினாள்!

செத்த பிறகும் அவள் போகவில்லை. பேயாக அலைந்தாள். தன்னை மணக்க இருந்தவனின் வீட்டுக்கே போனாள். அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டதும், அவளைப் பிடித்துக்கொண்டாள்.

நம் ஊரில் பேய் பிடித்தால் கோழி கேட்கும், சுருட்டுக் கேட்கும், சாராயம் கேட்கும் என்பார்கள். இந்தப் பேய் என்ன கேட்டது தெரியுமா?

எழுதுகோல்!

இது "பியோனி இன் லவ்" என்ற ஆங்கில நாவலின் கதை. 2007-ம் ஆண்டு வெளிவந்தது. எழுதியவர் லிசா சீ என்ற அமெரிக்க நாவலாசிரியை. கதை நடப்பது சுமார் 350 ஆண்டுகளுக்கு முந்திய சீனாவில்.

வெறும் பேய்க் கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. இதில் வரும் மூன்று முக்கியமான பெண்கள் உண்மையில் வாழ்ந்தவர்கள். அவர்கள் எழுதிய புத்தகமும் உண்மை. முதலில் கதையைப் பார்ப்போம். பிறகு உண்மையைப் பார்ப்போம்.

கட்டிய கால்கள்

சீனாவில் ஹாங்சௌ என்று ஓர் ஊர். அங்கே "மேற்கு ஏரி" என்ற புகழ்பெற்ற ஏரி இருக்கிறது. அந்த ஏரிக் கரையில் பியோனியின் வீடு இருந்தது. வீடா அது? மாளிகை! உள்ளேயே தோட்டம், தாமரைக் குளம், மண்டபங்கள்.

ஆனால் பியோனி அந்த மாளிகையின் மதிலைத் தாண்டி வெளியே போனதே இல்லை. பெரிய வீட்டுப் பெண்கள் வெளியே வரக்கூடாது என்பது அந்தக் காலத்துக் கட்டுப்பாடு.

வர நினைத்தாலும் நடக்க முடியாது. அங்கே சிறு வயதிலேயே பெண் குழந்தைகளின் பாதங்களை நீளத் துணியால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். விரல்கள் உள்ளே மடங்கிவிடும். எலும்பு முறியும். பாதம் வளராமல் நின்றுவிடும். மூன்று அங்குலப் பாதம்தான் அழகு என்று எண்ணினார்கள்!

வெளியே போக முடியாத பியோனிக்குப் புத்தகங்களே துணை. அவற்றில் ஒரு புத்தகத்தின் மீது அவளுக்கு உயிர். "பியோனி மண்டபம்" என்ற நாடகம் அது. ஒரே நாடகத்தின் பல பதிப்புகளைத் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருந்தாள்.

பியோனி என்பது ஒரு பூ. அடுக்கடுக்கான இதழ்கள் உள்ள பெரிய பூ. சீனர்கள் அதைப் பூக்களின் ராணி என்று கொண்டாடுவார்கள். அதுவே இந்தப் பெண்ணின் பெயரும்.

கனவில் வந்த காதலன்

அந்த நாடகத்தின் கதையைத் தெரிந்துகொண்டால்தான் பியோனியின் கதை புரியும்.

அதை எழுதியவர் தாங் சியன்சு என்ற சீனக் கவிஞர். 1598-ல் எழுதினார். மொத்தம் 55 காட்சிகள். ஆங்கில நாடக மேதை ஷேக்ஸ்பியர் இறந்த அதே 1616-ம் ஆண்டில்தான் இவரும் இறந்தார்.

நாடகத்தின் கதாநாயகி லினியாங். ஓர் அதிகாரியின் மகள். வசந்த காலத்தில் ஒருநாள் தோட்டத்துக்குப் போகிறாள். திரும்பி வந்து கண் அயர்கிறாள். கனவில், கையில் மரக்கிளையுடன் ஒரு வாலிபன் வருகிறான். இருவரும் காதல் கொள்கிறார்கள்.

விழித்துப் பார்த்தால் அவன் இல்லை! லினியாங் ஏங்கினாள். மெலிந்தாள். தன் உருவத்தைத் தானே படமாக வரைந்து வைத்துவிட்டு, உயிரை விட்டாள்.

மூன்று ஆண்டுகள் சென்றன. கனவில் வந்த அதே வாலிபன் அந்தத் தோட்டத்துக்கு வந்தான். படத்தைப் பார்த்தான். காதல் கொண்டான். லினியாங்கின் ஆவி அவனைத் தேடி வந்தது. தன் கல்லறையைத் திறக்கும்படி சொன்னது. அவன் திறந்தான். என்ன ஆச்சரியம்! அவள் உயிரோடு எழுந்தாள்!

பெண்ணின் தகப்பனார் நம்பவில்லை. கல்லறையைத் தோண்டிய திருடன் என்று மருமகனை அடித்தார். கடைசியில் சக்கரவர்த்தியே தலையிட வேண்டியதாயிற்று. சுபம்.

இதுதான் நாடகம். பெற்றோர் பார்த்த மாப்பிள்ளையைத் தவிர வேறு ஆண் முகத்தையே அறியாத சீனப் பெண்கள் இதைப் படித்து மயங்கியதில் வியப்பு என்ன?

திரைக்குப் பின்னால்

பியோனிக்கு 16-வது பிறந்த நாள் வந்தது. அதையொட்டி, தகப்பனார் அந்த நாடகத்தைத் தன் தோட்டத்திலேயே நடத்த ஏற்பாடு செய்தார். ஊர்ப் பெரிய மனிதர்கள் வந்தார்கள். ஆண்கள் எதிரே உட்கார்ந்தார்கள். பெண்கள் ஒரு திரைத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள்.

தட்டியில் சிறு இடுக்கு. அதன் வழியாகப் பியோனி பார்த்தாள். நாடகத்தை மட்டுமா பார்த்தாள்? ஒரு வாலிபனையும் பார்த்தாள்!

மனம் நிலைகொள்ளவில்லை. எழுந்து தோட்டத்துக்குப் போனாள். அவனும் அங்கே வந்தான். பேசினார்கள். கவிதையைப் பற்றிப் பேசினார்கள். அவன் பெயரை அவள் கேட்கவில்லை.

அவளுக்குத்தான் வேறு இடத்தில் கல்யாணம் நிச்சயமாகி இருக்கிறதே! முகம் தெரியாத மாப்பிள்ளை. அவனோடு எப்படி வாழ்வது என்று ஏங்கினாள்.

இதற்கிடையே இன்னொன்றும் நடந்தது. வரப்போகும் மாமியாரின் பெயரும் பியோனி! மாமியார் பெயரை மருமகள் வைத்துக்கொள்ளலாமா? ஆகவே அவள் பெயரை மாற்றினார்கள். "தோங்" என்று வைத்தார்கள். தோங் என்றால் "அதே" என்று அர்த்தம். பெற்றவர்கள் வைத்த பெயரும் போயிற்று. இனி அவள் "அதே"!

எரிந்த புத்தகங்கள்

பியோனி சாப்பாட்டை வெறுத்தாள். எதை உடுப்பது, எங்கே போவது, யாரை மணப்பது எதுவும் அவள் கையில் இல்லை. சாப்பிடாமல் இருப்பது ஒன்றுதான் அவள் கையில் இருந்தது.

இரவும் பகலும் எழுதினாள். நாடகப் புத்தகத்தின் ஓரங்களில், காதலைப் பற்றித் தனக்குத் தோன்றியதை எல்லாம் பொடி எழுத்தில் எழுதினாள். எழுத எழுத உடம்பு தேய்ந்தது.

தாய் பதறினாள். வைத்தியம் பார்த்தாள். பலன் இல்லை. "இந்தப் பாழும் புத்தகங்கள்தான் என் மகளைக் கொல்லுகின்றன" என்ற முடிவுக்கு வந்தாள். எல்லாப் புத்தகங்களையும் தீயில் போட்டாள்!

தாய் செய்தது பாசத்தினால்தான். ஆனால் மகளுக்கு உயிராக இருந்ததே அந்த எழுத்துத்தான். அது எரிந்தபின் அவளும் நெடுநாள் இருக்கவில்லை. நாடகத்தின் முதல் பாகம் மட்டும் எப்படியோ தீயிலிருந்து தப்பியது.

இதில் பெரிய கொடுமை என்ன தெரியுமா? அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை வேறு யாரும் அல்ல. தோட்டத்தில் சந்தித்த அதே வாலிபன்தான்! அவன் பெயர் வூ ரென். கவிஞன். காலம் கடந்த பிறகுதான் அது அவளுக்குத் தெரிந்தது. யாராவது ஒருவர் அந்தப் பெண்ணிடம் உட்கார்ந்து பேசியிருந்தால், அவள் செத்தே இருக்க மாட்டாள்!

ஒரு புள்ளி இல்லாததால்

இனிதான் பேய்க் கதை ஆரம்பம்.

மனிதனுக்கு மூன்று ஆத்மா என்பது பழைய சீனர்களின் நம்பிக்கை. இறந்தபின் ஒன்று உடலோடு கல்லறையில் தங்கும். ஒன்று எமலோகம் போகும். மூன்றாவது, வீட்டில் வைத்துக் கும்பிடும் ஒரு மரப்பலகையில் குடியேறும். இறந்தவரின் பெயரைப் பலகையில் எழுதி, சடங்கு செய்து, மையினால் ஒரு புள்ளி வைப்பார்கள். அப்போதுதான் ஆத்மா அதில் தங்கும். நாம் முன்னோருக்குத் திதி கொடுப்பதுபோல, அவர்கள் அந்தப் பலகைக்குப் படையல் வைப்பார்கள்.

பியோனியின் பலகையில் யாரும் புள்ளி வைக்கவில்லை! பலகை எங்கோ ஒரு மூலையில் கிடந்தது. ஒரு சொட்டு மை இல்லாததால் அவள் பசித்த பேயாகி அலைந்தாள்.

பேய் உலகத்தின் சட்டதிட்டங்களை நாவலாசிரியை சுவையாகச் சொல்கிறார். பேய்க்கு நேராகத்தான் போகத் தெரியும். மூலை திரும்பத் தெரியாது. அதனால்தான் சீனத் தோட்டங்களில் பாலங்களை நேராகக் கட்டாமல், மடக்கி மடக்கிக் கட்டினார்களாம். கண்ணாடியைக் கண்டால் பேய்க்குப் பயம். ஏழாவது மாதத்தில் பேய்களுக்கென்று படையல் வைப்பார்கள். கேட்பாரற்ற பேய்கள் அந்தச் சோற்றுக்கு அடித்துக்கொள்ளும். பணக்கார வீட்டில் வளர்ந்த பியோனியும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி!

பாட்டி சொன்ன ரகசியம்

மேல் உலகத்தில் பியோனி தன் பாட்டியைச் சந்திக்கிறாள். பாட்டி ஒரு பழைய ரகசியத்தைச் சொல்கிறாள்.

1644-ல் சீனாவில் மிங் வம்ச ஆட்சி கவிழ்ந்தது. வடக்கேயிருந்து மஞ்சு இனத்தார் படையெடுத்து வந்தார்கள். அடுத்த ஆண்டு, 1645 மே மாதத்தில், யாங்சௌ நகரம் அவர்களிடம் சிக்கியது. பத்து நாள் படுகொலை! தெருவெல்லாம் பிணம். இது சரித்திரத்தில் நடந்த உண்மை.

அந்தக் கொடுமையில்தான் பாட்டி உயிர் விட்டாள் என்கிறது நாவல். பியோனியின் தாயும் அப்போது அங்கே இருந்தாள். சொல்ல முடியாத துன்பம் பட்டாள். வீட்டு ஆண்களுக்காகத் துன்பம் பட்டாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"அம்மா ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஏன் என்னை வெளியே விடவில்லை?" என்று வெறுத்த பியோனிக்கு அப்போதுதான் கண் திறந்தது. வெளி உலகத்தின் கொடுமையைப் பார்த்தவள் தாய். அதனால் பூட்டி வைத்தாள். மகளிடம் காரணத்தைச் சொல்லாததுதான் அவள் செய்த தவறு.

சக்களத்தி

வூ ரென் வேறு கல்யாணம் செய்துகொண்டான். மணப்பெண் பெயர் தான் சே. பியோனிக்குச் சிறு வயதிலேயே தெரிந்தவள்.

பியோனிக்கு வயிறு எரிந்தது. சேயின் உடம்பில் புகுந்தாள். தான் பாதியில் விட்ட எழுத்தை அவள் கையால் எழுத வைத்தாள். எழுது, எழுது என்று வாட்டினாள். ஊண் உறக்கம் இல்லாமல் சே தேய்ந்தாள். முடிவில் செத்தும் போனாள்.

பியோனி திடுக்கிட்டாள். தான் எந்த வழியில் செத்தாளோ, அதே வழியில் இன்னொரு பெண்ணைத் தானே கொன்றுவிட்டோமே! அன்பு என்று நினைத்துத் தாய் புத்தகத்தை எரித்தாள். அன்பு என்று நினைத்து இவள் ஓர் உயிரையே எரித்துவிட்டாள்.

மூன்றாவதாக ஒருத்தி வந்தாள். சியன் யி என்ற ஏழை வீட்டுப் பெண். இந்தத் தடவை பியோனி வதைக்கவில்லை. காவல் தெய்வம்போல் கூட இருந்தாள். யி தானாகவே அந்தப் பழைய ஏட்டைப் படித்தாள். ஓரத்தில் இருந்த இரண்டு பெண்களின் எழுத்தைக் கண்டாள். கண்ணீர் விட்டாள். தானும் எழுதினாள், மூன்று பேர் எழுத்தையும் அச்சுக்குக் கொண்டுவந்தாள்.

பியோனியின் பலகையும் கிடைத்தது. புள்ளி வைத்தார்கள். வூ ரெனுக்கும் அவளுடைய ஆவிக்கும் முறைப்படி திருமணம் நடந்தது. இறந்தவருக்குக் கல்யாணம் செய்து வைக்கும் வழக்கம் சீனாவில் நெடுங்காலமாக உண்டு. பேய்க்கு விடுதலை கிடைத்தது.

நடந்தது என்ன?

இவ்வளவும் கதை. இதில் உண்மை எவ்வளவு?

வூ ரென் உண்மையான மனிதர். 1647-ல் பிறந்த ஹாங்சௌ நகரத்துக் கவிஞர். அவருக்கு நிச்சயித்த பெண் சென் தோங். கல்யாணத்துக்கு முன்பே 1660-களில் இறந்தாள். "பியோனி மண்டபம்" நாடகத்தின் ஓரங்களில் அவள் குறிப்பு எழுதியதும் உண்மை. நோயுற்றபோது தாய் புத்தகங்களை எரித்ததும் உண்மை. செவிலித்தாய் ஒருத்தி முதல் பாகத்தை மட்டும் காப்பாற்றினாள். அதை வூ ரென் விலை கொடுத்து வாங்கினார்.

பிறகு அவர் மணந்த தான் சே அதைப் படித்தாள். எரிந்துபோன இரண்டாம் பாகத்துக்குத் தானே குறிப்பு எழுதினாள். வெளியே காட்டும்போது, "என் கணவர் எழுதியது" என்று சொன்னாளாம். பெண் எழுதியது என்று சொல்ல அவ்வளவு கூச்சம்! அவளும் சில ஆண்டுகளில் இறந்தாள்.

பத்து ஆண்டுகளுக்குமேல் கழித்து வந்த மூன்றாவது மனைவி சியன் யி, "இதை ஏன் மறைக்க வேண்டும்?" என்று கேட்டாள். அந்தக் காலத்தில் அச்சிடுவது லேசான காரியம் அல்ல. ஒவ்வொரு பக்கத்தையும் மரக்கட்டையில் எழுத்து எழுத்தாகச் செதுக்க வேண்டும். அதற்குப் பணம்? தன் நகைகளைக் கொடுத்தாள்! 1694-ல் புத்தகம் வெளிவந்தது.

இன்னும் சில பெண்களும் அதற்கு உரை எழுதிக் கொடுத்தார்கள். அவர்களில் லின் யினிங் என்ற கவிஞர் ஒருவர். ஹாங்சௌவில் அப்போது பெண் கவிஞர்களுக்கென்றே "வாழைத் தோட்டம்" என்ற பெயரில் ஒரு சங்கம் இருந்தது. அவர் அதைச் சேர்ந்தவர்.

அந்த நாடகத்தைப் படித்து ஏங்கி இறந்ததாகச் சொல்லப்படும் பெண் சென் தோங் மட்டும் அல்ல. யூ என்ற ஒரு பெண் 17 வயதில் இறந்தாள். அவளும் புத்தக ஓரத்தில் குறிப்பு எழுதியவள்தான். செய்தி கேட்டு, நாடகம் எழுதிய தாங் சியன்சுவே அவளுக்காக இரங்கற்பா பாடினார்.

சிவந்த கூந்தல் எழுத்தாளர்

நாவலை எழுதிய லிசா சீ 1955-ல் பாரிசில் பிறந்தவர். வளர்ந்தது அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில். கூந்தல் சிவப்பு. பார்த்தால் சீன வம்சம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவருடைய கொள்ளுத்தாத்தா சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்.

நாடகத்தின் 55 காட்சிகளையும் 1999-ல் நியூயார்க்கில் முழுமையாக நடித்தார்கள். அதற்கு முந்திய ஆண்டே நடந்திருக்க வேண்டியது. ஷாங்காய் அதிகாரிகள் தடுத்துவிட்டார்கள். நானூறு ஆண்டு ஆகியும் அந்த நாடகத்தைக் கண்டு பயம் போகவில்லை! இந்த நாடகத்தைப் பற்றி ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுதப் போனபோதுதான் அந்த மூன்று மனைவியர் லிசா சீயின் கண்ணில் பட்டார்கள். நாவல் பிறந்தது.

தீராத சந்தேகம்

1694-ல் புத்தகம் வந்தபோது எல்லோரும் பாராட்டினார்களா? இல்லை. "பெண்களுக்கு இவ்வளவு அறிவு ஏது? கணவர் எழுதி, மனைவியர் பெயரைப் போட்டுவிட்டார்" என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். கையெழுத்தைக் காட்டி மெய்ப்பிக்கவும் வழி இல்லை. மூல ஏடு ஒரு தீவிபத்தில் எரிந்து போயிருந்தது!

நாவலில் வரும் பேயின் தாகம் என்ன என்பது இப்போது புரிகிறது அல்லவா? அது பழிவாங்க வரவில்லை. "நான் படித்தேன். நான் சிந்தித்தேன். இது நான் எழுதியது" என்று ஒரு வார்த்தை சொல்ல வந்தது. உயிரோடு இருந்தபோது அதைக் கேட்க ஆள் இல்லை.

நம் வீட்டிலும் ஒரு பெண் மூலையில் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருக்கலாம். அதைப் பிடுங்கிக் கிழிப்பதற்கு முன்னால், "என்ன எழுதுகிறாய் அம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்?

அந்தச் சீனப் புத்தகத்தின் தலைப்பில் மனைவியரின் பெயர் இல்லை. "வூ வூஷானின் மூன்று மனைவியர் எழுதிய உரை" என்றுதான் இருக்கிறது. வூஷான் என்பது வூ ரெனின் மறுபெயர். தலைப்பிலும் புருஷன் பெயர்தான்!

ஆனால் உள்ளே புரட்டினால், தோங், சே, யி என்று மூவர் பெயரும் வருகிறது. முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த மூன்று பெயர்களும் இன்னும் அழியவில்லை.